பின்னால் உட்கார்ந்தவள்

மீன் சந்தையில் ஜைரானை ஜைரான் என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, புருஷனின் பழைய ஜாக்கெட்டைத் தொடைவரை தொங்கவிட்டுக்கொண்டு அவள் வண்டியில் வந்து நின்றதும், "யதுல்லா வந்தாச்சு, பெட்டிய இறக்குங்கலே" என்று ஒரு குரல் கிளம்பும். யதுல்லா என்பது அவள் புருஷன் பெயர். தெருமுக்கில் தேநீர் குடிக்கிற போலீஸ்காரன் காதில் ஓர் ஆம்பளைப் பேர் விழட்டும் என்று சந்தை தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒருநாள் மீன் வியாபாரி ரஜப் ஆரம்பித்தான், மறுநாள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "யதுல்லா, ஒன் பொண்டாட்டி சௌக்கியமா?" என்று கிழங்கு வியாபாரி கேட்பான். "இருக்கா, மூதேவி, இன்னும் தூங்குதா" என்று இவளும் குரலைத் தடிப்பாக்கிச் சொல்வாள். ஒரு குளிர்காலம் போனது. ஒரு கோடை வந்து, உடம்பில் உப்பு பூக்கிற புழுக்கத்தோடு கடலோரத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. வெள்ளி முளைக்கும் நேரத்துக்கு எழுந்து, படகுத்துறையில் லாஞ்சிகள் அணையக் காத்திருந்து, பனிக்கட்டி உடைத்து, களவா மீனும் சீலா மீனும் பெட்டியில் அடுக்கி, ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டி, பெட்டிக்குள்ளிருந்து உருகி வடிகிற தண்ணீர் குதிகாலை நனைக்க நனைக்க புஷெஹர் ஊரின் சந்து பொந்தெல்லாம் அவள் ஓட்டினாள். கை காய்த்தது அவளுக்கு. கூப்பிட்டது புருஷனை.

யதுல்லா லாஞ்சியில் வலை இழுத்தவன். வலையைச் சுற்றி இழுக்கிற விஞ்சு எந்திரத்தின் கயிறு அறுந்து இடுப்பில் அடித்ததில் வலது கால் மடங்காமல் போயிற்று. கட்டையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் அதை இழுத்துக்கொண்டு நடப்பான். அதற்கு முன்பும் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதற்குப் பிறகு பேச்சு அறவே குறைந்துபோனது. ஆனால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான். எண்ணெய்க் கிடங்குக்குப் பின்னால் உப்பு வெளுத்துக் கிடக்கிற தரைக்கு அவளைக் கூட்டிப்போய், மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வான். அவள் விழுந்தால் எழுந்து வரமாட்டான், வர முடியாது. "கிளட்ச்ச மெதுவா விடு" என்பான். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கும் மெதுவா" என்பான். அவ்வளவுதான் அவன் வகுப்பு. முன் பிரேக்கைப் பற்றி மட்டும் ஒருதரம் நீளமாகப் பேசினான். "ஈரத்துல அதத் தொடாத. நம்ம வண்டியில எப்பவும் மீன்தண்ணி ஒழுகும். நாம போற ரோடு நமக்கு எப்பவும் ஈரம்தான். பின் பிரேக்கு, கியரு, ரெண்டையும் வச்சு நிறுத்து. நிறுத்த முடியலேன்னா வண்டியப் படுக்கப் போடு. படுக்கப் போடவும் தெரியணும்."

படுக்கப் போடவும் கற்றுக்கொண்டாள். முழங்கையில் தோல் போனதும் அதில்தான்.

லைசன்ஸ் கேட்டு அவள் போகாமலில்லை. ஜன்னலுக்குள் இருந்தவர் நல்ல மனுஷன், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"கார் லைசன்ஸ் இருக்காம்மா?"

"இருக்கு."

"பின்ன என்ன? மகராணி மாதிரி கார்ல போங்க."

"கார நீங்க வாங்கித் தாரீகளா?"

வரிசையில் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பாருங்க, பைக் லைசன்ஸ் ஆம்பளைகளுக்குக் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. குடுக்கணும்னும் இல்ல. இல்லாதத நான் எங்கருந்து எடுத்துக் குடுக்க?"

"இன்சூரன்ஸ் கட்டுதேனே. அது எனக்குச் செல்லுமா?"

"வண்டிக்குச் செல்லும். ஓட்டுதவருக்கு லைசன்ஸ் இருந்தா அவருக்கும் செல்லும்."

"கட்டும்போது யாரு கட்டுதான்னு ஒருத்தரும் கேக்கலியே."

"கட்டுததுக்கு லைசன்ஸ் வேண்டாம்மா" என்றார் அவர், அன்பாகவே. "அடுத்தவங்க வாங்க."

கொழுந்தன் ஸஃபர் அந்தக் கோடையில்தான் வந்து நின்றான். பனிக்கட்டித் தொழிற்சாலை ஆட்குறைப்பில் வேலை போயிருந்தது. துறைமுகக் கிடங்கில் எடுபிடி வேலை ஒன்று இருக்கிறது, பைக் லைசன்ஸ் கேட்கிறார்கள், எட்டு போடுகிற இடத்திலேயே கால் தரையில் பட்டுவிடுகிறது, இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றான். பிள்ளை இரண்டு வைத்திருக்கிற ஆள். கண் கலங்கிச் சொன்னான். ஜைரான் அவனை உப்புத்தரைக்குக் கூட்டிப்போனாள். மீன்பெட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் எட்டு போடச் சொன்னாள்.

"பெட்டியப் பாக்காத ஸஃபரு. கண்ணு எங்க போவுதோ வண்டி அங்க போவும். பெட்டிக்கு அந்தாண்ட பாரு."

"அந்தாண்ட பாத்தா பெட்டி தெரியலியே மதினி."

"தெரிய வேண்டாம். அது எங்கயும் ஓடிப்போவாது."

"ஒரு பொம்பளகிட்ட எட்டு கத்துக்கிட்டேன்னு எவனாச்சும் கேட்டான்னா..."

"தூக்கு மாட்டிக்கோ. இப்ப வலது பக்கம் ஒடி. இடுப்ப ஒடி, கைய இல்ல."

பரீட்சை அன்று அவள் கம்பிவேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவன் எட்டு போட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் இவள் இடுப்பும் அவனோடு சேர்ந்து ஒடிந்தது. கால் படவில்லை. பேரீச்சம்பழத்தில் வால்நட் வைத்து, நெய்யில் இளக வறுத்த மாவை ஊற்றிச் செய்த இனிப்பை ஸஃபர் தட்டு நிறையக் கொண்டுவந்தான். "இது ஒங்க லைசன்ஸ்தான் மதினி" என்று அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வழுவழுவென்று இருந்தது. அவள் பெருவிரல் அவன் படத்தின்மேல் பட்டுக்கொண்டிருந்தது. பார்த்து முடித்துவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். துறைமுக வேலை கடைசியில் வேறு யாருக்கோ போயிற்று.

விபத்து ரொட்டிக்கடை முன்னால் நடந்தது. அன்றைக்கு ரஜப்பின் வவ்வால்மீன், இரண்டு பெட்டி, ஓட்டலுக்குப் போகவேண்டியது. வெயில் அப்போதுதான் சுவர்களில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்ற வெள்ளைக் காரின் கதவு, பார்க்காமல் கொள்ளாமல் அகலத் திறந்தது. வலது பக்கம் ஒதுங்கலாம் என்றால், அங்கே ஒருத்தி தள்ளுவண்டியில் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ரொட்டிக்கு நின்றிருந்தாள். ஜைரான் கியரைக் குறைத்தாள், பின் பிரேக்கை அழுத்தினாள், போதாது என்று தெரிந்த நொடியில் வண்டியை இடது பக்கமாகப் படுக்கப்போட்டாள். கதவை உரசாமல், பிள்ளையைத் தொடாமல், வண்டி தரையோடு இழுபட்டுப்போய் நின்றது. அவள் தோள்பட்டை ரோட்டோரக் கல்லில் மோதியது. உள்ளே ஏதோ சுள்ளி ஒடிகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

காரின் கதவு சாத்திக்கொண்டது. கார் போய்விட்டது.

வவ்வால்மீன்கள் ரோடெங்கும் வெள்ளித் தட்டுகளாகச் சிதறிக் கிடந்தன. பூனைகளுக்கு முன்னால் ஆட்கள் வந்து பொறுக்கி மறுபடி பெட்டியில் போட்டார்கள். போலீஸ்காரர் வந்து படம் வரைகிறவரை வண்டியை நகர்த்தக் கூடாது. அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் முடிவானது. ரஜப் ஓடிவந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், போனை எடுத்தான்.

"ஏ ஸஃபரு, எங்கலே இருக்க? லைசன்ஸ எடுத்துக்கிட்டு ஓடிவா. செருப்பு கிருப்பு தேடாத, ஓடிவா."

"எதுக்கு அவன்?" என்றாள் ஜைரான். மூச்சு விட்டாலே தோள் குத்தியது.

"பேசாம இரு தங்கச்சி. ஒனக்கு நல்லதுதான் செய்யுதோம்."

ஸஃபர் வந்தான். ரொட்டிக்கடைக்காரர் அவள் தலையிலிருந்து ஹெல்மெட்டை, முட்டையை எடுப்பதுபோல் அத்தனை பதமாகக் கழற்றினார். அவளுடைய வேர்வையில் உள்பக்கம் நனைந்திருந்த ஹெல்மெட்டை ஸஃபர் தலையில் மாட்டினார்கள். இறுக்கமாக இருந்தது, காதை மடக்கி உள்ளே தள்ளினான். ரஜப் இரண்டடி பின்னால் போய் நின்று, கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"விழுந்தவன் சட்டையில ஒரு பொட்டு மண்ணு இல்லியேலே."

யாரோ கீழே கிடந்த மண்ணை அள்ளி ஸஃபரின் முழங்கையிலும் தொடையிலும் தேய்த்தார்கள். மீன்தண்ணியைக் கொஞ்சம் தெளித்தார்கள். "இப்ப பாரு, எப்படி விழுந்திருக்கான்!" என்றான் ஒருவன். சிரித்தார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை அந்தக் கூட்டத்தில். ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள், இன்னொருத்தி சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். அந்த மடியில் கிடந்தபடி, தான் விழுந்ததை இன்னொருவனுக்குப் பூசிவிடுவதை ஜைரான் பார்த்தாள்.

போலீஸ்காரர் சின்ன வயசு. தூக்கம் போதாத முகம்.

"யாரு ஓட்டுனது?"

"நான்தான் சார்" என்றான் ஸஃபர்.

"இவங்க?"

"மதினி. பின்னால உக்காந்திருந்தாங்க."

அவர் ஜைரானின் ஜாக்கெட்டைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். "பின்னால உக்காந்தவங்க எதுக்குக் கையுறை போட்டிருக்காங்க?"

"மீனு நாறும்லா சார்" என்றான் ரஜப்.

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. "காரு நம்பர் பாத்தீங்களா யாராச்சும்? பாக்கலியா? காரு இல்லேன்னா தப்பு ஓட்டுனவர் மேலதான் வரும். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றான் ஸஃபர், உடனே.

ஜைரான் வாயைத் திறந்தாள். வலி அதற்குள் நுழைந்துகொண்டது. பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் ரோட்டில் கோடு போட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தோள் எலும்பில் தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது தூபாவின் நகை. தூபா ஸஃபரின் மனைவி. வளையல்களைக் கழற்றும்போது, "இன்சூரன்ஸ் கம்பெனி தந்ததும் திருப்பிக்கலாம் அக்கா" என்று சொன்னாள், முகம் சுளிக்காமல். வீட்டுக்கு வந்தபின் தினமும் புளிக்குழம்பு கொண்டுவந்தாள். வெந்தயக்கீரையும் மல்லியும் கரியக் கரிய வதக்கி, பூண்டு தட்டிப் போட்டு, களவாத் துண்டுகள் மிதக்கிற குழம்பு. பார்க்க வந்தவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே சட்டம் பேசினார்கள்.

"பின்னால உக்காந்தவளுக்குன்னா செலவு பூராம் கம்பெனி குடுத்துரும். ஓட்டுனவளுக்குன்னா ஒரு காசு கிடையாது. அல்லா புண்ணியம், ஸஃபரு சமயத்துல வந்தான்."

"எலும்பு ஒன்னுதானே" என்றாள் ஜைரான்.

"என்னது?"

"முன்னால உக்காந்தாலும் பின்னால உக்காந்தாலும் ஒடிஞ்ச எலும்பு ஒன்னுதானேன்னேன்."

வாசலோரம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த யதுல்லா நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். அவனுடைய மௌனத்தை இத்தனை வருஷமாக அவள் ஒரு நிழலைப்போல நினைத்து அதில் ஒதுங்கியிருக்கிறாள். இப்போது அது ஒரு சுவராகத் தெரிந்தது. தலையை முட்டிக்கொள்ளத்தான் ஆகும்.

அவள் கை தூக்க முடியாமல் கிடந்த நாளெல்லாம் ஸஃபர்தான் மீன் ஏற்றினான். அது ஒத்தாசை. கட்டு அவிழ்த்து, கையைத் தலைக்குமேல் தூக்கி முடி பின்னிக்கொள்ள முடிந்த காலையில் அவள் முற்றத்துக்குப் போய் வண்டியைப் பார்த்தாள். கேரியரை அறுத்துப் பெரிய பெட்டிக்கு ஏற்ற மாதிரி பற்றவைத்திருந்தான். கண்ணாடிகள் அவன் உயரத்துக்குத் திரும்பியிருந்தன. அவற்றில் அவளுக்குத் தென்னைபோல் உயர்ந்த பேரீச்சை மரத்தின் கொண்டைதான் தெரிந்தது.

"சாவியத் தா ஸஃபரு. நாளையிலேருந்து நான் போறேன்."

ஸஃபர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். பல்லிடுக்கில் இருந்த சர்க்கரைக் கட்டியைக் கடித்து விழுங்கினான்.

"எப்படிப் போவீங்க மதினி?"

"எப்படிப் போவாங்க? ஏறி உக்காந்துதான்."

"கம்பெனியில இன்னும் விசாரிக்கல. நீங்க வண்டியில ஏறுனத எவனாச்சும் படம் பிடிச்சுப் போட்டான்னா? நான் பொய் சொன்னவனாயிருவேன். நான் உள்ள போகணும்."

"விசாரிச்சு முடிஞ்சப்புறம்?"

"அப்புறமும்தான். குடுத்தத திருப்பிக் கேப்பான்லா."

"எத்தன நாளைக்குலே?"

"எத்தன நாளைக்குன்னா..." அவன் உண்மையிலேயே யோசித்தான். "லைசன்ஸ் இல்லாத ஆளு எத்தன நாளைக்கு ஓட்டக் கூடாதோ அத்தன நாளைக்கு."

"அந்த லைசன்ஸ ஒனக்கு யாரு வாங்கித் தந்தா? எட்டு போடச் சொல்லித்தந்தது யாரு?"

"நீங்கதான். நான் இல்லேன்னா சொன்னேன்? ஊருக்கே தெரியும்." அவன் குரல் தணிந்தே இருந்தது. "ஊருக்குத் தெரிஞ்சு என்ன மதினி, கம்பெனிக்குத் தெரியாதே. எனக்கும் ரெண்டு பிள்ளைக. நான் என்ன புடுங்கிக்கிட்டா ஓடுதேன்? வாரத்துக்கு உள்ளத அண்ணன் கையில குடுத்துட்டுத்தானே போறேன்."

"அவரு கையில."

"பின்ன? வண்டி அவரு பேருல இருக்கு."

வண்டி அவர் பேரில். இன்சூரன்ஸ் அவர் பேரில். லைசன்ஸ் இவன் பேரில். விழுந்தது இவன். தன் பேரில் இருப்பது இந்தத் தகடும் ஆறு ஆணியும் மட்டும்தான் என்று நினைத்தாள். யதுல்லாவைப் பார்த்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். "ஒங்களுக்குச் சொல்ல ஒன்னுமில்லியா?" என்றாள்.

அவன் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சோறு ஆறுது" என்றான்.

அவள் தட்டை எடுத்து முற்றத்தில் வீசினாள். சோறு பேரீச்சை மரத்தடியில் சிதறியது. ஸஃபர் எழுந்து போய்விட்டான். யதுல்லா மடங்காத காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு பருக்கையாக இல்லாமல், கையால் கூட்டி ஒரே அள்ளாக அள்ளித் தட்டில் போட்டான்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேருமாக வாடகைக் காரில் போனார்கள். வெளியே கடற்காற்றே வியர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மீனை வைக்கலாம், அப்படியொரு குளிர். விசாரித்த அதிகாரி நரைத்த மீசைக்காரர். ஸஃபருக்கும் யதுல்லாவுக்கும் எழுந்து கை கொடுத்தார். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சும்மா ஒரு சடங்குதான்" என்றார். "ஓட்டுனவர் சொல்லணும், பின்னால இருந்தவங்க ஆமான்னு சொல்லணும். முடிஞ்சது. சொல்லுங்க தம்பி, எப்படி விழுந்தீங்க?"

ஸஃபர் தொண்டையைச் செருமினான். காரைப் பற்றிப் பேசினால் ஓடிப்போன காரைத் தேட ஆரம்பிப்பார்கள். உன் தப்பு என்று தெளிவாக இருந்தால்தான் பின்னால் உட்கார்ந்தவளுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்று ரஜப் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"கொஞ்சம் வேகமா வந்தேன் சார். மீனு கெட்டுருமேன்னு ஒரு அவசரம். ரொட்டிக்கடகிட்ட ஒரு பூனை குறுக்க வந்துச்சு. பதறிட்டேன். முன் பிரேக்க டபக்குன்னு பிடிச்சுட்டேன். கீழ ஈரம். வண்டி வழுக்கிருச்சு."

ஜைரானின் இடது கை நாற்காலியின் கைப்பிடியில் மடங்கியது.

"ஈரத்துல முன் பிரேக்கப் பிடிக்கலாமா தம்பி?" அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். "நேத்து ஓட்டப் பழகுனவனும் பிடிக்க மாட்டானே."

"தப்புதான் சார். நான் சுதாரிச்சிருப்பேன். மதினி பயந்துபோயி என் தோளப் பிடிச்சு இழுத்துட்டாங்க. அதுல சரிஞ்சது."

இது ரஜப் சொல்லிக்கொடுத்ததில்லை. முழு முட்டாளாக நிற்கப் பிடிக்காமல் அவனாகச் சேர்த்துக்கொண்டது.

அதிகாரி சிரித்தார். "பொம்பளைங்கள பின்னால வச்சா அதுதான். எங்க வீட்டுலயும் அப்படியே. சட்டையக் கிழிச்சுருவா." அவள் பக்கம் திரும்பினார். "பயந்துட்டீங்களோ? பரவால்ல. தம்பி சொன்ன மாதிரித்தானே?"

தலையை ஒருதரம் ஆட்டினால் போதும். தூபாவின் வளையல் திரும்பிவிடும். கூரையில் குளிர்காற்று எந்திரம் இரைந்தது. கதவு திறந்ததும், பிள்ளையின் தள்ளுவண்டியும், கால் கியரைத் தேடிய அந்த நொடியும் அவளுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அதைவிடச் சுத்தமாக ஒரு வண்டியை யாரும் படுக்கப் போட்டிருக்க முடியாது. அதை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து வைத்துக்கொண்டாலாவது பரவாயில்லை; அசிங்கப்படுத்தித் தெருவில் போட்டிருக்கிறார்கள்.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?"

"பூனை இல்ல. காரு கதவு. வலது பக்கம் பச்சப்பிள்ள. நான் கியரக் கொறச்சு, பின் பிரேக்கப் போட்டு, வண்டிய இடது பக்கம் படுக்கப் போட்டேன். ஓட்டுனது நான். இவன் அப்ப வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தான்."

அதிகாரியின் விரல்கள் நின்றன. அவர் யாரையும் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா" என்றார் மெதுவாக. "நான் இன்னும் தேநீர் குடிக்கல. குடிச்சிட்டு வாரேன். வந்து முதல்லேருந்து கேக்கேன். ஒன்னும் காதுல விழல எனக்கு." எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் ஸஃபர் அவள் முன்னால் வந்து நின்றான். "பேய் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? என்னைய உள்ள தள்ளவா கூட்டிட்டு வந்தீங்க? ஒரு வார்த்த! ஒரு வார்த்ததானே! தூபா கையில ஒன்னுமில்லாம நிக்கா!"

"தெரியும்."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? யாரு ஓட்டுனா என்ன, எப்படி விழுந்தா என்ன?"

"தோளப் பிடிச்சு இழுத்தேன்னு சொன்னியேலே."

"அது... சும்மா வாயில வந்துச்சு."

"சும்மாதான் வரும்" என்றாள் அவள். "ஒங்களுக்கெல்லாம் அது சும்மாவேதான் வரும். கூப்பிடும்போதும் சும்மா, எடுத்துக்கும்போதும் சும்மா, சிரிக்கும்போதும் சும்மா. நல்லதுதான் செய்யுதீக எல்லாரும். கொஞ்சம் கெட்டது செஞ்சிருந்தாக்கூட எப்பவோ கத்தியிருப்பேன்."

ஸஃபர் அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, நீயாவது சொல்லேன்."

யதுல்லா மடங்காத காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜைரான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். புதுசாக ஆரம்பிப்பவர்போல், "ம்... வண்டிய ஓட்டுனது யாரு?" என்று கேட்டார்.

"நான்" என்றாள்.

ஸஃபர் அறையைவிட்டு வெளியேறினான். கதவு அறைந்த அதிர்வில் மேஜையில் இருந்த குவளை ஆடியது.

"லைசன்ஸ் இல்லாம ஓட்டுனேன்னு நீங்களே சொல்லுதீங்க" என்றார் அதிகாரி. அவருக்கும் இப்போது கோபம் வந்திருந்தது. கொடுத்த வழியில் போகாதவள்மேல் வருகிற கோபம். "யாரு ஒங்களுக்கு வண்டியக் குடுத்தது?"

"நான் குடுத்தேன்" என்றான் யதுல்லா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மேஜையைப் பிடித்து எழுந்து நின்றிருந்தான்.

"வண்டி என்னுது. குடுத்தது நான். கத்துக்குடுத்ததும் நான். அவ இடது பக்கம் படுக்கப் போட்டேன்னு சொன்னா, இடது பக்கம்தான் போட்டிருப்பா. அதையும் எழுதிக்கோங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டியப் பிடிச்சு வச்சுருவாங்க. தெரியும்லா?"

"தெரியும்" என்றாள் ஜைரான்.

"ஆஸ்பத்திரிச் செலவுல ஒரு காசு வராது."

"தெரியும்."

"அந்தத் தம்பி பேருல கேஸ் வரும். ஒங்க பேருலயும் வரும்."

"வரட்டும்."

"அப்புறம் எதுக்கும்மா?" அவர் நிஜமாகவே கேட்டார். "எதுக்காக?"

"நான் முன் பிரேக்கத் தொடல" என்றாள் அவள். "எழுதுங்க."